வாலிபப் பிள்ளைகளும் செல்போனும்: தூக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்



பெற்றோர் கூட்டங்களில் மருத்துவர் பேசி முடித்ததும் முதலாவது எழும்பும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்கலாம், டாக்டர்?" ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவர்களுக்குத் திருப்தி. முன்பு அப்படி ஓர் எண் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் டி.வி. முதலான திரைகளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டாம் என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான அந்தக் கணக்கை 2016ல் அந்தக் கழகமே கைவிட்டது. முதலில் தூக்கம், ஓடியாடும் விளையாட்டு, படிப்பு, குடும்பத்தோடு இருக்கும் நேரம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். மீதமுள்ள நேரத்துக்குள் திரையை அடக்குங்கள் என்று ஆலோசனையை மாற்றிக்கொண்டது.

இது தளர்த்தல் போலத் தோன்றினாலும், நடைமுறையில் முன்னதைவிடக் கடினமானது. மணிக்கணக்கைச் சொல்லிவிட்டால் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். இப்போதோ, "இந்தச் செல்போன் என் பிள்ளையிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது?" என்று கேட்கவேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்தில் நாம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டவைகளில் முதலாவது வைக்கவேண்டியது தூக்கம் என்பது நமது எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

நம் வீடுகளுக்குள் வந்த விதம்

2016க்குப் பிறகு நம் நாட்டில் இன்டர்நெட் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை பிள்ளையின் கையில் போன் கொடுக்கமாட்டோம் என்று உறுதியாயிருந்த பெற்றோரும் கடன் வாங்கியாவது ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். வேறு வழியில்லை, வகுப்பே அதில்தான் நடந்தது. பள்ளிகள் திறந்தன, போன் மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் கல்வியை ஆராயும் 'அசர்' அறிக்கை 2024ஆம் ஆண்டில் இதைக் கணக்கெடுத்தது. இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்திருந்தது. முந்திய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்காக உபயோகித்ததாகச் சொன்னவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்காக உபயோகித்ததாகச் சொன்னவர்கள் 76 சதவீதம். இது பட்டணத்துப் பிரச்சனை, வசதியுள்ள வீட்டுப் பிரச்சனை என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

தூக்கம் களவுபோகும் விதம்

13 முதல் 18 வயதுள்ள ஒரு பிள்ளைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல் அறிவித்தது. நம்மில் அநேகர் இதைக் கேட்டுச் சிரிப்போம். "பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்குப் பத்து மணி நேரத் தூக்கமா?" ஆனாலும் வளருகிற சரீரத்தின் தேவை அதுவே. வளர்ச்சிக்கான ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் படித்தவை மூளையில் உறுதிப்படுவதும் இரவில்தான்.

இங்கே பெற்றோர் அறிந்திராத ஒரு காரியம் உண்டு. பருவமடையும் வயதில் மூளையில் உள்ள சரீரக் கடிகாரம் தானாகவே ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன், சிறு பிள்ளையாய் இருந்தபோது சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு "தூக்கம் வரவில்லை" என்று 15 வயது மகன் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அதே மகனைக் காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பும்போது அவன் எழும்பாமல் கிடப்பதும் சோம்பேறித்தனம் அல்ல.

ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் இந்தக் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறது திரையின் வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே சில நரம்பு அணுக்கள் உண்டு. அவை நீல நிற ஒளிக்கு மிகவும் கூர்மையாய் இருக்கின்றன. போன் திரைகள் நீல ஒளியை நிறைய வெளியிடுகின்றன. பாஸ்டன் நகரில் உள்ள பிரிகம் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில், 12 வாலிபர்களைத் தூங்குவதற்குமுன் நான்கு மணி நேரம் ஒளிவிடும் திரையில் புத்தகம் வாசிக்கவைத்தார்கள்; அவர்களையே வேறு நாட்களில் அச்சடித்த புத்தகத்தை மங்கிய விளக்கில் வாசிக்கவைத்தார்கள். திரையில் வாசித்த நாட்களில் மெலட்டோனின் சுரப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. தூக்கம் வருவதற்குப் பத்து நிமிடம் அதிகமானது.

பத்து நிமிடம்தானே என்று நினைக்கலாம். நியாயமான கேள்வி. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளை வாங்கிக் கொடுத்தால் பிரச்சனை தீர்ந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நாம் முழுவதும் நம்பவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பன்னிரண்டு பேரும் வாசித்தது புத்தகம். புத்தகத்துக்கு அத்தியாய முடிவு உண்டு. அதற்குள்ளிருந்து நண்பன் கூப்பிடமாட்டான். நம் பிள்ளைகள் படுக்கையில் வைத்திருப்பதோ ரீல்ஸும், வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவும், நடுஇரவிலும் கூட்டாளிகள் காத்திருக்கும் விளையாட்டும். வெளிச்சம் பத்து நிமிடத்தைத் திருடினால், அதில் வருகிற காரியங்கள் இரண்டு மணி நேரத்தைத் திருடிவிடுகின்றன.

2016ல் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 1,25,198 பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். தூங்கும் நேரத்தில் இத்தகைய கருவிகளை உபயோகித்த பிள்ளைகள் போதிய தூக்கம் இல்லாதவர்களாய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் சற்று அதிகமாயிருந்தது. பகலில் தூங்கி விழும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். இவற்றோடு இன்னொன்றும் கண்டார்கள். இரவில் உபயோகிக்காமல் போனைப் படுக்கை அறையில் வைத்திருந்த பிள்ளைகளுக்கும் தூக்கம் குறைவாகவே இருந்தது. எந்த நேரமும் ஏதோ வரக்கூடும் என்று மனம் காதைத் திறந்துவைத்துக்கொண்டே இருக்கிறது போலும்.

ஒரு தாய் தன் மகளை வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 15. அடிக்கடி தலைவலி, காலையில் சாப்பிடப் பிடிக்கவில்லை, எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாள், மார்க் குறைந்துவிட்டது. கண் பரிசோதனை செய்கிறார்கள், சரியாயிருக்கிறது. ரத்தசோகை இருக்குமோ என்று பார்க்கிறார்கள், அதுவும் இல்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம், அநேக இடங்களில் அப்படியே நடக்கிறது. "நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய்?" என்று யாராவது கேட்டால்தான், பன்னிரண்டரை மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழும்புகிறாள் என்பது தெரியவரும். எட்டு மணி நேரமாவது வேண்டிய பிள்ளைக்கு ஐந்து மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் கடன். சனிக்கிழமைக்குள் அது 18 மணி நேரமாகிறது. பெரியவர்கள் நாம் ஒரு வாரம் இப்படித் தூங்கிப் பார்த்தால், அந்தப் பிள்ளையின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். தொடர்ந்து தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வரும் அபாயமும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றும் அபாயமும் வளரிளம் பருவத்தில் அதிகரிக்கின்றன. ஆகவே இதைச் சிறிய காரியமாக எண்ணக்கூடாது.

முடிவில்லாத பக்கமும் 'லைக்' பொத்தானும்

"ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று எடுத்தேன்" என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான். பக்கத்தின் அடி வராமல் கீழே கீழே வந்துகொண்டேயிருக்கும் ஏற்பாட்டை 2006ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கப் பொறியாளர். அதற்காகப் பிற்காலத்தில் வருத்தப்படுவதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் 2009ல் வந்தது. நிறுத்துவதற்கு ஓர் இடமும் இல்லாதபடி செய்யப்பட்ட ஒன்றை எடுத்து, "நீயாக நிறுத்து" என்று 13 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம். பெரியவர்களாலேயே முடியவில்லை என்பதை நாம் அறிவோம்.

பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினமாயிருப்பதற்குக் காரணம் மூளையின் வளர்ச்சியில் இருக்கிறது. பாராட்டிலும் பரிசிலும் மகிழும் பகுதி பருவமடையும்போதே விறுவிறுப்பாக வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. "போதும்" என்று அடக்கும் முன்மூளையோ 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயதுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராமைப் போலப் படங்களைக் காட்டினார்கள். இந்த ஆய்வு 2016ல் வெளிவந்தது. தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது அவர்கள் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி பலமாக இயங்கியது. பிறருடைய படங்களைப் பார்த்தபோது, எதற்கு லைக் அதிகமோ அதற்கே அவர்களும் லைக் போட்டார்கள். அந்த எண்ணிக்கைகளை வைத்தவர்களோ ஆராய்ச்சியாளர்கள். புகைபிடித்தல், மது போன்ற படங்களைப் பார்க்கையில் அடக்கும் பகுதி மந்தமானதும் தெரிந்தது.

பெண்பிள்ளைகளைக் குறித்துத் தனியாகச் சொல்லவேண்டும். 2021ல் பிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டார். தன் சரீரத்தைக் குறித்து மனக்குறையோடிருக்கும் இளம்பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை அதிகப்படுத்துகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே கூறியிருந்தது. தன் ஆய்வைத் தவறாகப் பொருள்கொள்ளுகிறார்கள் என்று நிறுவனம் மறுத்தது. நிறம் கறுப்பு, உடல் பருமன், முகத்தில் பரு என்று ஏற்கெனவே உறவினர் வாயால் கேட்டு நொந்திருக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு, திருத்தி மெருகேற்றிய முகங்களை இரவெல்லாம் பார்ப்பது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் கேட்கவேண்டும்

சமூக ஊடகம்தான் பிள்ளைகளின் மனநோய்க்குக் காரணம் என்று சிலர் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். ஆராய்ச்சி அவ்வளவு தூரம் போகவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 3,55,000க்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரின் விவரங்களை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் வேறுபாடுகளில் கருவிகளின் உபயோகத்தோடு தொடர்புடையது அதிகபட்சம் 0.4 சதவீதமே. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் இருக்கும் தொடர்பும் ஏறத்தாழ அதே அளவுதான் என்று அவர்கள் எழுதியதைப் பத்திரிகைகள் வெகுவாகப் பேசின. மனம் சோர்ந்த பிள்ளை போனில் போய் ஒளிந்துகொள்வதும் உண்டு; எது முந்தியது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

மறுபுறம், ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதட்டம் போன்றவற்றின் அபாயம் இரு மடங்கு என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் எச்சரித்தார். ஏமி ஆர்பனே பின்னர் 2022ல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதும், ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதும் கூடுதலாகப் பாதிக்கப்படும் காலங்கள் என்று தெரிந்தது.

நாம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுகிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகளின் சராசரி சிறியதாயிருக்கலாம். அதில் நன்மை அடைந்த பிள்ளையும் நொறுங்கிப்போன பிள்ளையும் கலந்திருக்கிறார்கள். வளைகுடாவில் வேலைசெய்யும் தகப்பனின் முகத்தைத் தினமும் காணும் மகளுக்குச் செல்போன் ஆசீர்வாதமே. டியூஷனுக்குப் பணமில்லாத பையன் யூடியூபில் கணக்குக் கற்றுக்கொள்கிறான். இவர்களையும் சேர்த்துக் கண்டிப்பது நியாயமாகாது. ஆனால் தூக்கம் என்று வரும்போது ஆராய்ச்சிகள் இவ்வளவு பிரிந்து நிற்கவில்லை. அதனால்தான் அங்கே ஆரம்பிக்கச் சொல்லுகிறோம்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டப்பார்வைக்குத் திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிட்டே வைத்துப் பார்க்கும் எதுவும், முக்கியமாக வெயிலில் இறங்காதிருப்பதும் அதற்குக் காரணம். சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். பி.டி. வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிடும் பள்ளி நிர்வாகிகள் நம் வாசகர்களில் இருந்தால் இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால், இரவில் போன் படுக்கை அறைக்கு வெளியே இருக்கட்டும். கூடத்திலோ சமையலறையிலோ ஓரிடம் குறித்து, இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போன்களும் அங்கே சார்ஜில் போடப்படட்டும். எல்லா என்றால் அப்பாவின் போனும் சேர்த்துத்தான். தாயும் தகப்பனும் படுக்கையில் போனைப் பார்த்துக்கொண்டு பிள்ளையினுடையதைப் பிடுங்கினால் அந்த ஏற்பாடு மூன்று நாள்கூட நிற்காது. "அலாரம் அதில்தானே இருக்கிறது?" என்று பிள்ளை கேட்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு டைம்பீஸ் வாங்கி வையுங்கள்.

இதைக் கோபத்தில் ஆரம்பிக்கவேண்டாம். நடுஇரவில் பிடுங்கி உடைப்பதால் பிள்ளை ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, அதன் சரீரக் கடிகாரத்தைப் பற்றி மேலே சொன்னதை விளக்குங்கள். "நீ சோம்பேறி இல்லை, உனக்குத் தூக்கம் போதவில்லை" என்று தகப்பன் சொல்லக் கேட்பது அநேகப் பிள்ளைகளுக்குப் புதிதாயிருக்கும். இப்போது பன்னிரண்டரைக்குத் தூங்குகிற பிள்ளையால் நாளைக்கே பத்து மணிக்குத் தூங்க முடியாது. சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் சிறிது நேரம் வெயிலில் நிற்பது பின்தங்கிய கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்கவிட்டால் அது மறுபடியும் பின்னுக்குப் போய்விடும்.

பெரியவர்களாகிய நாமும் சில கதவுகளை அடைக்கவேண்டியிருக்கிறது. டியூஷன் ஆசிரியர்கள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்பினால் பிள்ளை எப்படிப் போனை வைக்கும்? நம் சபைகளின் வாலிபர் குழுக்களிலும் இரவு வெகுநேரம் செய்திகள் போய்க்கொண்டிருப்பதைக் காண்கிறோம். குழுவை நடத்துகிறவர்கள் ஒன்பது மணியோடு நிறுத்திக்கொண்டால் அது பெற்றோருக்குப் பெரிய உதவி. வெளிநாட்டிலிருந்து வரும்போது அக்காள் பிள்ளைகளுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் போன் கொண்டுவந்து கொடுக்கும் அன்பர்கள் முதலில் அந்தப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பரிசு கொடுக்கும் வயதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 13 வயதானால் இன்ஸ்டாகிராமில் சேரலாம் என்பது மருத்துவர்கள் சொன்ன வயதன்று. சிறு பிள்ளைகளின் சொந்த விவரங்களை நிறுவனங்கள் சேகரிப்பதைக் கட்டுப்படுத்த 1998ல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வந்தது அது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் 2023ல் இயற்றப்பட்ட சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளை தன் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுச் சேர்ந்துகொள்ளும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

உதவி தேட வேண்டிய நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் சோகமாயிருப்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டை வெறுப்பது, கையில் கீறிக்கொண்ட அடையாளங்கள், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை தெரிந்தால் போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவேண்டாம். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். போனைத் தொட்டாலே மூர்க்கமாகிற பிள்ளையைக் குறித்தும் அப்படியே. கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்கி வருகிறது.

இன்னொரு ஆபத்து வெளியே தெரியாமல் நடப்பது. யாரோ ஒருவர் நட்பாகப் பழகி, படத்தை வாங்கிக்கொண்டு, அதை வைத்து மிரட்டுகிறார். பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. அடிப்பார்களோ, போனை வாங்கிக்கொள்வார்களோ, படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே உயிரை விட்ட பிள்ளைகளும் உண்டு. ஆகவே எதுவும் நடக்காதிருக்கும் இப்போதே, "எப்படிப்பட்ட காரியமானாலும் எங்களிடம் சொல், உன்னை அடிக்கமாட்டோம், படிப்பையும் நிறுத்தமாட்டோம்" என்று சொல்லிவையுங்கள். அப்படி ஒருநாள் வந்து சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கவேண்டாம். செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவை சாட்சியாக உதவும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையானால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாப்பளிக்கிறது.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளையே தனியாகவும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, போன்களைச் சார்ஜில் போடும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள்.